பயற்று பர்கர்: புலால் இல்லாத நாளுக்கு ஒரு நிறையுணவு

கிருத்திகை, அமாவாசை, வெள்ளிக்கிழமை, புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமைகள் என்று நம் வீடுகளில் புலால் சமைக்காத நாட்கள் ஆண்டில் பல உண்டு. கிறிஸ்தவ அங்கத்தினர் வீடுகளில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகள் வரும். பல நெசவு ஊர்களில் அமாவாசையன்று தறியும் ஓய்வு கொள்ளும், அடுப்பில் புலாலும் ஏறாது. இவை தவிர, கையில் காசு குறைந்தமையால் தாமாகவே புலால் இல்லாது கழியும் நாட்களும் உண்டு. அவற்றை அறியப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டுவதில்லை.

புலால் உண்ணாமை பற்றி நாம் இங்கே வாதாட முற்படவில்லை. அது அவரவர் வழக்கத்தையும் மனத்தையும் பொறுத்தது. நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. புலாலை நீக்கிய அன்று, அந்த இடத்தில் நாம் வைப்பது என்ன? பெரும்பாலான வீடுகளில் விடை எளியது: சோறு, ரசம், ஓர் அப்பளம், மிஞ்சினால் ஒரு பொரியல். வயிறு நிறைகிறது, ஆனால் உடலைக் கட்டும் புரதச் சத்து அன்றைய இலையில் மிகக் குறைவு. இக்குறையைத் தீர்க்கும் பல வழிகளுள், வீட்டிலேயே செய்யத் தக்கதும், இளைஞர் விரும்பி உண்பதும், நம் அங்கத்தினர் வயல்களில் விளையும் பொருள்களாலேயே ஆவதுமான ஒன்றை இக்கட்டுரையில் விளக்க முயல்வோம். அது பயற்று பர்கர்.

சத்துக் கணக்கு

கணக்கின்றிப் பேசுவது கூட்டுறவாளர்க்கு அழகன்று. ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம்.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரை கூறுகிறது. இதன்படி 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராமும், 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஏறத்தாழ 54 கிராமும் நாள்தோறும் தேவைப்படுகின்றன. கருவுற்ற தாய்மார்க்கும் பாலூட்டுவோர்க்கும் இதனினும் மிகுதியாக வேண்டும்.

100 கிராம் அரிசியில் உள்ள புரதம் சுமார் 8 கிராமே. நாள் முழுதும் 300 கிராம் அரிசி உண்டாலும் 24 கிராம்தான் சேரும். ஆனால் 100 கிராம் உலர்ந்த தட்டைப்பயற்றில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. மற்றப் பயறுகளும் பருப்புகளும் இதற்கு அண்மையிலேயே நிற்கின்றன. மேலும், அரிசி முதலிய தானியங்களில் குறைவாயுள்ள லைசின் என்னும் கூறு பயறுகளில் மிகுதி; பயறுகளில் குறைவாயுள்ள மெத்தியோனின் என்னும் கூறு தானியங்களில் போதிய அளவு உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பாவும் ஊடையும் சேர்ந்தே துணியாவதுபோல், தானியமும் பயறும் சேர்ந்தே முழு உணவாகின்றன.

பர்கர் வந்த வழி

பர்கர் என்பது பட்டணத்துக் கடைகளின் வழியே நம் இளைஞர்க்கு அறிமுகமாயிற்று. இரண்டாகப் பிளந்த பன் ரொட்டியின் நடுவில் வட்டமான ஒரு கட்லெட்டும், வெங்காயமும், தக்காளியும், சட்னி போன்ற ஒரு குழைவும் வைத்துத் தருவதே பர்கர். ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகரின் பெயரிலிருந்து ஹாம்பர்கர் என்ற பெயர் பிறந்து, பின்னர் பர்கர் எனச் சுருங்கிற்று. மேல்நாடுகளில் அதன் நடுவில் இருப்பது கொத்திய மாட்டிறைச்சி.

அந்நாடுகளிலும் புலாலுக்கு மாற்றுத் தேடியோர் பலர் இருந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பேட்டில் கிரீக் நகரில் மருத்துவமனை நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக், நிலக்கடலையை முதன்மையாகக் கொண்டு புலாலுக்கு ஈடான ஓர் உணவை ஆக்கினார். 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, வாரத்தில் புலால் இல்லாத நாள் ஒன்றைக் கைக்கொள்ளுமாறு அந்நாட்டு அரசு மக்களை வேண்டிற்று. அதே போர்க்காலத்தில் ஜெர்மனியின் கொலோன் நகராட்சியில் பொறுப்பு வகித்த கொன்ராட் அடினாயர், சோயா மாவு சேர்த்த மாற்று உணவொன்றை வகுத்தார். இவரே 1949-இல் மேற்கு ஜெர்மனியின் சான்சலரானார். 1982-இல் லண்டனில் கிரெகரி சாம்ஸ் என்பவர், நீர் சேர்த்துப் பிசைந்து தட்டிச் சுடத் தக்க உலர்மாவு ஒன்றை ‘வெஜி பர்கர்’ என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன்பின் அப்பெயர் உலகெங்கும் பரவிற்று.

பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. பருப்பை ஊறவைத்து அரைத்து வடை தட்டுவதும், வாழைப்பூவையும் பொட்டுக்கடலையையும் கூட்டிக் கோலா உருண்டை பிடிப்பதும் நம் வீட்டுப் பெண்மக்கள் நெடுங்காலமாக அறிந்த கலைகளே. வடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: வடை எண்ணெயில் மூழ்கி வேகும், கட்லெட் தோசைக்கல்லில் சிறிது எண்ணெயில் வேகும். ஆதலின் எண்ணெய்ச் செலவும் குறைவு, உடலுக்கும் நலம்.

வேண்டிய பொருள்கள்

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு, ஆளுக்கு இரண்டு வீதம் பத்துக் கட்லெட் செய்வதற்கான அளவு பின்வருமாறு:

தட்டைப்பயறு 200 கிராம், உருளைக்கிழங்கு 150 கிராம், கேரட்டும் பீட்ரூட்டும் துருவியது 150 கிராம், வெங்காயம் 100 கிராம், தோல் நீக்கிய வறுத்த நிலக்கடலை 50 கிராம், பொட்டுக்கடலை மாவு 50 கிராம், கெட்டி அவல் 50 கிராம், இஞ்சி ஒரு துண்டு, பூண்டு நான்கைந்து பல், பச்சை மிளகாய் இரண்டு, சோம்பு ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு ஆகியன வேண்டிய அளவு, கறிவேப்பிலை, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, எலுமிச்சம்பழம் ஒன்று, சுடுவதற்கும் வதக்குவதற்குமாக எண்ணெய் சுமார் 60 மில்லி. வெங்காயமும் பூண்டும் விலக்கும் நாளாயின் அவற்றை விட்டுச் சிறிது பெருங்காயம் சேர்த்துக்கொள்ளலாம்.

தட்டைப்பயறு கிட்டாத ஊரில் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, உலர்ந்த மொச்சை இவற்றுள் எதுவும் ஏற்றதே. ராஜ்மாவைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறத்தலாகாது. அதில் இயற்கையாக உள்ள நச்சுப்பொருள் நன்றாகக் கொதித்தாலன்றி நீங்காது. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டுப் பின்னர் மெத்தென்று வேகவைத்தல் வேண்டும்.

செய்முறை

பயற்றை முந்திய இரவே கழுவி எட்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். காலையில் அந்நீரை நீக்கி, புதுநீர் ஊற்றி, விரலால் நசுக்கினால் நசுங்கும் பதத்துக்கு வேகவைக்க வேண்டும். குழைந்து கஞ்சியாகிவிடக் கூடாது. வெந்ததும் வடிகட்டி, அந்நீரை ரசத்துக்கு வைத்துக்கொண்டு, பயற்றைத் தூய பருத்தித் துணியில் பரப்பி ஆறவிட வேண்டும். இந்த ஆறவிடுதலே முதற் சூட்சுமம். ஈரம் மிகுந்த பயறு கல்லில் ஒட்டிக்கொண்டு உடையும்.

உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, உரித்து, ஆறியபின் மசிக்கவும். வாணலியில் இரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சோம்பைத் தாளித்து, வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் இவற்றை வதக்கி, துருவிய காய்களைச் சேர்த்து நீர் வற்றும் வரை கிளறவும். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் உப்பும் இட்டுப் பச்சை வாடை போனதும் இறக்கவும். காயின் நீர் வற்றுவது இரண்டாம் சூட்சுமம்.

ஆறிய பயற்றில் முக்கால் பங்கை மத்தாலோ கையாலோ மசித்து, கால் பங்கை முழுதாகவே விடுக. மசித்த பகுதி பிணைப்பைத் தரும். முழுப்பயறு பல்லுக்கு இதமான கடிப்பைத் தரும். இத்துடன் கிழங்கு, வதக்கிய காய், ஒன்றிரண்டாகப் பொடித்த நிலக்கடலை, பொட்டுக்கடலை மாவு, மிக்சியில் பொடித்த அவல், நறுக்கிய கறிவேப்பிலை, கொத்தமல்லி எல்லாம் சேர்த்து நீர் விடாமல் பிசையவும். அரை எலுமிச்சம்பழத்தின் சாற்றைப் பிழிந்து, உப்புச் சரிபார்த்து, அரை மணி நேரம் மூடி வைக்கவும். அந்நேரத்தில் அவலும் மாவும் எஞ்சிய ஈரத்தை உறிஞ்சிக் கலவையை இறுகச் செய்யும். இது மூன்றாம் சூட்சுமம்.

பின்னர்ப் பத்துச் சம உருண்டைகளாகப் பிடித்து, கையில் எண்ணெய் தடவி, விரல் கனத்துக்கு வட்டமாகத் தட்டவும். ஓரத்தில் வெடிப்புத் தோன்றினால் விரலால் தடவி மூடுக. வெடித்த ஓரமே முதலில் உடையும். தோசைக்கல் நன்கு காய்ந்தபின் தீயை மட்டாக்கி, எண்ணெய் விட்டு, ஒருபுறம் நான்கைந்து நிமிடம் சிவக்கும்வரை அசைக்காமல் விட்டுவைக்கவும். அடிப்புறம் சிவந்து ஓடு கட்டியதும் தானே கல்லைவிட்டுப் பெயரும். அதற்குமுன் திருப்ப முயல்வோரே பெரும்பாலும் உடைத்துவிடுகின்றனர். மறுபுறமும் அவ்வாறே சுட்டு எடுக்கவும்.

அவ்வளவு செய்தும் உடையுமாயின், தட்டிய வட்டங்களை இட்லித் தட்டில் வைத்துப் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறியபின் கல்லில் இடலாம். ஆவிச் சூட்டில் மாவுப்பொருள் பசைபோலாகி எல்லாவற்றையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். பாவுக்குக் கஞ்சி போடும் நெசவாளர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இழைக்கு வலிமை தரும் கஞ்சியும், கட்லெட்டுக்குப் பிணைப்புத் தரும் அவலும் செய்யும் வேலை ஒன்றே.

பரிமாறும் முறை

பேக்கரியில் வாங்கிய சாதாரண பன்னைக் குறுக்கே பிளந்து, உட்புறத்தைக் கல்லில் இலேசாகச் சூடாக்கி, ஒரு பாதியில் புதினாச் சட்னியோ நிலக்கடலைத் துவையலோ தடவி, கட்லெட்டை வைத்து, மேலே வெங்காய வில்லையும் தக்காளி வில்லையும் அடுக்கி மற்றப் பாதியால் மூடினால் பர்கர் ஆயிற்று. கடையில் விற்கும் பன் பெரும்பாலும் மைதாவால் ஆனது, நார்ச்சத்துக் குறைந்தது. ஆகவே நாள்தோறும் அதனையே நாட வேண்டா. கேழ்வரகு அடை, கோதுமைச் சப்பாத்தி இவற்றின் நடுவிலும் இதை வைத்து மடிக்கலாம். சாம்பார் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளவும் ஆகும். பிள்ளைகளுக்குப் பன்னில் வைத்துக் கொடுத்து, பெரியோர் சோற்றுடன் உண்பதில் தவறொன்றும் இல்லை.

எலுமிச்சைச் சாறு சுவைக்கு மட்டும் அன்று. பயற்றில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதற்கு அதிலுள்ள வைட்டமின் சி துணை செய்கிறது. தேநீர் அதற்கு மாறாகத் தடை செய்கிறது. ஆகவே உண்டவுடன் தேநீர் அருந்தும் வழக்கம் உடையோர் ஒரு மணி நேரமேனும் கழித்து அருந்துதல் நலம். வெயில் காலத்தில் பிசைந்த கலவையை நெடுநேரம் வெளியில் வைத்தல் ஆகாது; அன்றே சுட்டு அன்றே உண்ண வேண்டும். சிறுநீரக நோய் உடையோர் பயற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டறிந்து உண்பாராக.

எண்ணிப் பங்கிடுதல்

மேற்கூறிய அளவில் தட்டைப்பயற்றிலிருந்து சுமார் 40 கிராம், நிலக்கடலையிலிருந்து சுமார் 12 கிராம், பொட்டுக்கடலையிலிருந்து சுமார் 10 கிராம், அவலிலிருந்து சுமார் 3 கிராம் என ஏறத்தாழ 65 கிராம் புரதம் சேர்கிறது. பத்தால் வகுத்தால் ஒன்றுக்கு ஆறரை கிராம். இரண்டு உண்பவர்க்கு 13 கிராம். முன்னே சொன்ன பெண்ணின் நாள் தேவையாகிய 46 கிராமில் இது கால் பங்குக்கு மேல்.

இங்கே நாம் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நம் வீடுகளில் இறுதியாக உண்பவர் யார் என்பது யாவரும் அறிந்ததே. பாவு ஓட்டவும், நூல் சுற்றவும், களை பறிக்கவும், சமைக்கவும் ஆகிய எல்லா வேலையும் செய்துவிட்டு, எல்லோரும் உண்டபின் பாத்திரத்தில் எஞ்சியதை உண்பவள் அவ்வீட்டுப் பெண். குழம்பிலே போட்ட பருப்பும் கறியும் முன்னே உண்டவர் இலைக்குப் போய்விடும். அவள் இலைக்கு வருவது அடியில் நின்ற சாறு. குழம்பைப் பங்கிட அளவுகோல் இல்லை. ஆனால் கட்லெட்டை எண்ணலாம். பத்து செய்தோம், ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு. அவளுக்குரிய இரண்டும் தனித் தட்டில் முன்னரே எடுத்து மூடி வைக்கப்படட்டும். பெற்ற பிள்ளை ‘இன்னும் ஒன்று’ என்று கேட்டாலும் அது தாயின் பங்கு என்று சொல்லும் பொறுப்பு வீட்டுத் தலைவருடையது. தாயே தன் பங்கை எடுத்துக் கொடுக்க முன்வருவாள். ஆதலால்தான் இப்பொறுப்பை அவளிடம் விடலாகாது என்கிறோம்.

சங்கத்தில் ஓர் அங்கத்தினர்க்கு ஒரு வாக்கு என்பது நம் விதி. நூறு பங்கு வைத்தவரும் ஒரு பங்கு வைத்தவரும் பொதுக்குழுவில் சமம். அவ்விதியைப் பொதுக்குழுக் கூட்டத்தோடு நிறுத்திவிடாமல் அடுக்களைக்குள்ளும் கொண்டுசெல்ல இது ஓர் எளிய வாயில்.

சங்கங்கள் செய்யத் தக்கவை

இவ்வுணவு ஒரு வீட்டோடு நில்லாமல் ஊரோடு பரவச் சங்கங்கள் துணை செய்யலாம்.

முதலாவது, உற்பத்தியாளர் பக்கம். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்கள் முன்பு நெற்பயிருக்கிடையே உளுந்தும் பாசிப்பயறும் விதைத்து, வயலில் எஞ்சிய ஈரத்திலேயே விளைவிக்கும் வழக்கம் உண்டு. மானாவாரி நிலங்களில் தட்டைப்பயறும் துவரையும் ஊடுபயிராகின்றன. பயற்றின் வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலத்துக்குத் தருகின்றன. ஆயினும் அறுவடையானதும் களத்திலேயே எல்லாவற்றையும் விற்றுவிட்டு, பின்னர் வீட்டுக்கு வேண்டியதைக் கூடுதல் விலைக்குக் கடையில் வாங்கும் உழவர் பலர். ஆண்டுக்கு வீட்டுக்கு வேண்டிய பயற்றைக் கணக்கிட்டு, ஈரப்பதம் ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்குக் குறையும்வரை வெயிலில் உலர்த்தி, காற்றுப் புகாத கலத்தில் சேமித்தால் வண்டு அணுகாது. மிகுந்ததையே சந்தைக்கு அனுப்புதல் முறை.

இரண்டாவது, நெசவாளர் பக்கம். கைத்தறிச் சங்கமும் அண்டையிலுள்ள வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமும் கலந்து பேசி, தூசு நீக்கித் தரம் பிரித்த பயற்றை அரைக் கிலோ, ஒரு கிலோப் பைகளில் நேரே வரவழைத்து அங்கத்தினர்க்கு வழங்கலாம். இடைத்தரகர் கூலி மிச்சமாகும். உழவர்க்கும் விலை கூடும். நம் மாநிலத்து நியாயவிலைக் கடைகளுள் பெரும்பாலானவற்றை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்களே என்பதை நினைவிற்கொண்டால், இடமும் ஆளும் நம்மிடம் ஏற்கெனவே உள்ளமை விளங்கும்.

மூன்றாவது, பெண் அங்கத்தினர் பக்கம். நால்வர் ஐவர் சேர்ந்து இதனைச் செய்து பள்ளி விழாக்களிலும் சந்தை நாட்களிலும் விற்கலாம். ஆனால் விற்பனை என்று வந்துவிட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வதும், பயன்படுத்திய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதிருப்பதும், வரவு செலவை அன்றன்றே எழுதுவதும் இன்றியமையாதவை. விலை நிர்ணயிக்கும்போது பொருள் விலையோடு எரிபொருளையும் உழைப்பையும் சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும். தம் உழைப்புக்குக் கூலி வைக்காமல் இலாபம் என்று மகிழும் கணக்கு, கணக்கே ஆகாது.

முடிவுரை

ஐக்கிய நாடுகள் சபை 2016-ஆம் ஆண்டைப் பயறு ஆண்டாகவும், 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகவும், 2025-ஆம் ஆண்டைக் கூட்டுறவு ஆண்டாகவும் கொண்டாடிற்று. அவலுக்கு மாற்றாக வேகவைத்த சாமையைச் சேர்ப்போமாயின், இம்மூன்றையும் ஒரே தட்டில் காணலாம். ஆண்டுகள் கழிந்தன, பயறும் சாமையும் சங்கமும் நம்மோடு இருக்கின்றன.

அடுத்த அமாவாசைக்கு முந்திய இரவு 200 கிராம் பயற்றை ஊறவையுங்கள். மறுநாள் பத்துக் கட்லெட் சுட்டு, முதலில் இரண்டை எடுத்து மூடி வையுங்கள்; மற்ற எட்டைப் பின்னர்ப் பரிமாறலாம்.